‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’: எது வரவேண்டும் என்று கேட்கிறோம்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா கடலூரில் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்காரர். அம்மா புதுச்சேரியில் பிறந்த கத்தோலிக்கர். இயேசு கற்பித்த ஜெபத்தில், அப்பாவோடு ஆராதனைக்குப் போனால் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்கிறீர்கள். அம்மாவோடு பூசைக்குப் போனால் ‘உமது ஆட்சி வருக’ என்கிறீர்கள். ஆயா, அதாவது உங்கள் பாட்டி, இறந்தபோது, ‘தேவனுடைய ராஜ்யத்துக்குள் பிரவேசித்துவிட்டார்’ என்று அடக்கத்தில் சொன்னார்கள். தியானம் கொடுத்த ஒருவர் ‘அது உங்கள் உள்ளத்துக்குள்தான் இருக்கிறது’ என்றார். கல்லூரி நண்பரோ ‘ஏழைக்கு நீதி கிடைப்பதுதான் இறையாட்சி, மற்றதெல்லாம் பேச்சு’ என்கிறார். இதில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கத்தோலிக்கன். கடலூர் முதுநகரில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது ஆண்டுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன். அதில் முதல் பத்து ஆண்டுகளாவது, கடவுளின் ராஜ்யம் என்றால் ‘நல்லவர்கள் செத்த பிறகு போகிற இடம்’ என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் உங்கள் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஜெபத்தின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். இயேசு கற்பித்த ஜெபத்தில் ‘எங்களை உமது ராஜ்யத்துக்குக் கூட்டிக்கொண்டு போம்’ என்று எங்கேயும் இல்லை. ‘வருக’ என்றுதான் இருக்கிறது. அடுத்த வரி அதற்கு விளக்கமாகவே நிற்கிறது: விண்ணுலகில் நிறைவேறுவதுபோல மண்ணுலகிலும் உமது விருப்பம் நிறைவேறட்டும். அதாவது பயணம் மேலிருந்து கீழே. நாம் புறப்பட்டுப் போவதைப் பற்றிய ஜெபம் இல்லை இது, அவர் வருவதைப் பற்றிய ஜெபம்.

இனி சொல். நற்செய்திகள் எழுதப்பட்ட கிரேக்கத்தில் அது ‘பசிலேயா’. இயேசு பேசிய அரமேய மொழியில் ‘மல்கூத்தா’. இரண்டுக்கும் முதற்பொருள் அரசாளுதல், அரசனாக இருத்தல். அவன் ஆளுகிற நிலப்பரப்பு என்பது அடுத்த பொருள். தமிழில் ‘ராஜ்யம்’ என்றதும் நம் மனம் எல்லைக்கோடு போட்ட நாட்டைத்தான் நினைக்கிறது. ‘ஆட்சி’ என்றால் யார் ஆளுகிறார் என்று நினைக்கிறது. உங்கள் அப்பா வீட்டு வேதாகமம் 1871-ல் வந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது. அந்தக் காலத்துத் தமிழில் ராஜ்யம் என்பதற்கு அரசாட்சி என்ற பொருளும் உயிரோடு இருந்தது. 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘இறையாட்சி’ என்று போட்டார்கள். கத்தோலிக்கர்களும் ஒருகாலத்தில் ‘உம்முடைய இராச்சியம் வருக’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் அம்மா இந்த ஜெபத்தை, பரமண்டல மந்திரத்தை, கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஆக, இரண்டு சபைகளும் இரண்டு கொள்கை சொல்லவில்லை. ஒரே சொல்லை இரண்டு காலத்துத் தமிழில் சொல்கிறார்கள்.

‘இறை’ என்ற நம் சொல்லின் அழகை இங்கே சொல்லாமல் விட முடியாது. பழந்தமிழில் இறை என்றால் அரசன், கடவுள் இரண்டும்தான். வள்ளுவர் ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்’ என்கிறார். நீதி வழங்கிக் காப்பாற்றுகிறவனை மக்கள் தெய்வமாகவே வைப்பார்களாம். எபிரேயர்களின் திருப்பாடல்கள் இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வருகின்றன: தெய்வம்தான் அரசர், ஆகவே முறைசெய்து காப்பாற்றுவது அவர் வேலை.

இடம் வேறு, ஆட்சி வேறு என்பதை நம் பக்கத்து மக்களுக்கு விளக்கவே தேவையில்லை. கடலூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறோம். எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டும்போது மண் மாறுவதில்லை, பேச்சு மாறுவதில்லை, வயலில் நிற்கிற கரும்பும் மாறுவதில்லை. ஆனால் யாருடைய சட்டம் செல்லும், யாருடைய உத்தரவுக்குக் காவலர் நிற்கிறார் என்பது மாறிவிடுகிறது. புதுச்சேரி மாநில நிலம் ஒரே துண்டாகவும் இல்லை. தமிழ்நாட்டுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. பாகூர்ப் பக்கம் ஒரு வரப்பில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் எந்த ஆட்சி, அந்தப் பக்கம் எந்த ஆட்சி என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால்தான் தெரியும். இறையாட்சியும் இப்படித்தான் உலகத்துக்குள் கிடக்கிறது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எங்கே கடவுளின் சொல் நடக்கிறதோ அங்கே அவர் ஆட்சி. பக்கத்து வீட்டில் நடக்கலாம், கோயிலுக்குள் நடக்காமலும் போகலாம்.

இந்த எண்ணம் இயேசுவோடு தொடங்கியதல்ல. வேதாகமத்தில் சாமுவேல் முதல் நூல் எட்டாம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். மற்ற நாடுகளைப்போல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் நிற்கிறார்கள். ‘அவர்கள் தள்ளியது உன்னையல்ல, என்னைத்தான்’ என்று கடவுள் இறைவாக்கினர் சாமுவேலிடம் சொல்கிறார். வரப்போகிற அரசன் என்னென்ன செய்வான் என்று சாமுவேல் அடுக்குகிறார்: உங்கள் மகன்களைத் தேருக்கு முன் ஓட விடுவான், மகள்களை அடுப்படிக்கு எடுத்துக்கொள்வான், நல்ல நிலத்தைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று கேட்பான். எடுத்துக்கொள்வான், எடுத்துக்கொள்வான் என்றே அந்தப் பகுதி போகிறது. இயேசு பிறந்த காலத்து கலிலேயா இந்தப் பட்டியலை முழுக்க அனுபவித்த நாடு. ரோமப் பேரரசுக்கு வரி, ரோமின் கீழ் ஆண்ட ஏரோது குடும்பத்துக்கு வரி, கோயிலுக்குக் காணிக்கை. அப்படிப்பட்ட மக்கள் நடுவே ஒருவர் வந்து ‘காலம் நிறைவேறிவிட்டது, இறையாட்சி நெருங்கி வந்துவிட்டது’ என்றால் அவர்கள் காதில் அது மோட்சத்தைப் பற்றிய செய்தியாக விழுந்திருக்காது. ஆட்சி மாறுகிறது என்றுதான் விழுந்திருக்கும்.

பிறகு ஏன் ‘பரலோக ராஜ்யம்’ என்று இருக்கிறது என்று கேட்பீர்கள். நற்செய்தி எழுதிய நால்வரில் மத்தேயு மட்டும்தான் அப்படி எழுதுகிறார், 32 இடங்களில். அதே கடுகு விதை உவமையை மாற்கு சொல்லும்போது ‘இறையாட்சி’ என்கிறார், மத்தேயு சொல்லும்போது ‘விண்ணரசு’ என்கிறார். யூதர்கள் கடவுளின் பெயரை வாயால் சொல்ல அஞ்சி, அதற்குப் பதில் ‘விண்’ என்று சொல்வது வழக்கம் என்பதே பெரும்பாலோர் கொடுக்கும் விளக்கம். நம் பாட்டிமார் கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? ‘வீட்டுக்காரர்’ என்பார்கள், ‘பெரியவன் அப்பா’ என்பார்கள். கேட்கிறவருக்கு யாரென்று தெரியும். மத்தேயுவின் ‘விண்’ அப்படிப்பட்ட மரியாதைச் சொல். அதை மேலே வானத்தில் இருக்கும் ஓர் ஊராக நாம் எடுத்துக்கொண்டதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

அப்படியானால் அந்த ஆட்சி வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா? இங்கேதான் நூறு ஆண்டுக்கு மேலாக அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ‘கடவுளின் விரலால் நான் பேய்களை ஓட்டுகிறேன் என்றால் இறையாட்சி உங்களிடம் வந்துவிட்டது’ என்று லூக்கா 11-ல் இயேசுவே சொல்கிறார். அவரே ‘வருக’ என்று வேண்டவும் கற்றுக்கொடுக்கிறார். வந்துவிட்டதை ஏன் வரச்சொல்லி வேண்ட வேண்டும்? ஜெர்மனியில் யொகான்னஸ் வைஸ் 1892-ல், இயேசு எதிர்பார்த்தது முழுக்க முழுக்க எதிர்காலத்தில் கடவுள் கொண்டுவரும் முடிவைத்தான் என்று எழுதினார். இங்கிலாந்தில் சி. எச். டாட் என்ற அறிஞர் 1935-ல், இல்லை, இயேசுவிலேயே அது வந்து முடிந்துவிட்டது என்றார். பிறகு ஆஸ்கார் குல்மான் இரண்டாம் உலகப்போரை உதாரணம் காட்டினார்: போரின் முடிவைத் தீர்மானிக்கிற சண்டை ஒருநாள் நடந்துவிடுகிறது, ஆனால் வெற்றி விழா வர மாதங்கள் ஆகின்றன, நடுவில் உள்ள காலத்தில்தான் நாம் வாழ்கிறோம்.

எனக்கு ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியே போதும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, அது நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. நடுவே ஏறத்தாழ எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் புதுச்சேரி யாருடையது? காகிதத்தில் பிரான்சுடையது, நடப்பில் இந்தியாவுடையது. அங்கே வாழ்ந்தவர்கள் புதிய ஆட்சியின் மக்களாகவே வாழ்ந்தார்கள், ஆனாலும் முழுமைக்குக் காத்திருந்தார்கள். ‘வந்துவிட்டது, இன்னும் வரவில்லை’ என்று இறையியலார் சொல்வதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே ஒரு இடத்தில் இந்த ஒப்புமை பொருந்தாது. அந்த எட்டு ஆண்டில் பழைய ஆட்சி திருப்பி அடிக்கவில்லை. இறையாட்சிக்கு எதிரானது இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த அடியை நான் நேரில் பார்த்தேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் படித்தவர்தான். ‘சார், எல்லாம் அவர் ஆட்சிதானே? அப்ப இதுவும் அவர் செஞ்சதுதானா?’ என்று கேட்டார். அவர் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, வலை இழுத்த கை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்னிடம்.

பல மாதம் கழித்துத்தான் அந்த ஜெபமே எனக்குப் பதில் சொன்னது. எல்லாம் ஏற்கெனவே அவர் விருப்பப்படிதான் நடக்கிறது என்றால், ‘உமது விருப்பம் மண்ணில் நிறைவேறட்டும்’ என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்கச் சொன்னார் என்றால், இன்னும் நிறைவேறாதது நிறைய இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நண்பர் லாசரின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார். அந்தச் சாவு கடவுளின் ஆட்சி என்றால் அவர் ஏன் அழ வேண்டும்? நோயாளியைக் கண்டபோதெல்லாம் ‘இது உன் நன்மைக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, குணமாக்கினார். பசித்த கூட்டத்தைக் கண்டு ‘தாங்கிக்கொள்’ என்று சொல்லவில்லை, உட்காரவைத்துச் சோறு போட்டார். நோய், பசி, பேய், சாவு இவற்றைத் தன் ஆட்சியின் எதிரிகளாகத்தான் அவர் நடத்தினார். இதை அந்த மனிதரிடம் பிறகு சொன்னேன். அவர் துக்கம் அதனால் தீரவில்லை. ஆனால் ‘அப்ப அவரும் எங்க பக்கந்தான்’ என்றார். கடல் ஏறிய அந்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் அடுப்பு மூட்டி, சாதி மதம் பாராமல் இலை போட்டவர்களை நினைக்கிறேன். அவர்களில் பலர் பரமண்டல ஜெபத்தைக் கேட்டே இருக்க மாட்டார்கள்.

உங்கள் நண்பர் சொல்கிற நீதிக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இயேசு சொன்ன நீதி நாம் கணக்குப் போடுகிற நீதியைவிட விசாலமானது. மத்தேயு 20-ல் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை. தோட்டக்காரர் காலையில் போய் ஒரு நாள் கூலி, அதாவது ஒரு தெனாரியம், பேசி ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாக மாலை ஐந்துக்கும் போகிறார். ஐந்து மணிக்கு நிற்பவர்களிடம் ‘ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள்?’ என்கிறார். ‘எங்களை எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை’ என்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையேறியபோது எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்தது. சில நாள் கழித்துக் கல்லை அப்புறப்படுத்த ஆள் தேடி, கூலிக்கு நிற்கும் முச்சந்திக்குப் போனேன். நான் போனபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. உடம்பில் தெம்புள்ளவர்கள், கையில் கரணை வைத்திருந்த கொத்தனார்கள் எல்லாரையும் ஏழு மணிக்கே கூட்டிப்போய்விட்டார்கள். மிஞ்சி நின்றது அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா. சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறாராம். வேலை பிடிக்காததால் நின்றவர் இல்லை, யாரும் கூப்பிடாததால் நின்றவர். வந்து பாண்டு சட்டியில் கல்லும் காரையும் சுமந்தார். மாலையில் நான் முக்கால் நாள் கூலியைக் கணக்குப் போட்டு நீட்டினேன். அவர் சண்டை போடவில்லை. ‘அரிசிக்கடையில முக்கா நாளு, முழு நாளுன்னு பாத்தா குடுக்கறாங்க சாமி’ என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த வாரம் மறைக்கல்வியில் இந்த உவமையை எடுத்தபோது குரல் வரவில்லை எனக்கு.

தெனாரியம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடத் தேவையான காசு. அரை தெனாரியம் கொடுத்தால் அரை வயிறு. தோட்டக்காரர் உழைப்பை அளக்கவில்லை, வீட்டில் காத்திருக்கிற வாய்களை எண்ணினார். காலையிலிருந்து உழைத்தவருக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறைக்கவும் இல்லை. கடவுள் ஆண்டால் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு இயேசு கொடுத்த படம் இது. இதை வெறும் ஆன்மிகப் பாடமாக்கி, ‘கடைசி நேரத்தில் மனம் திரும்பினாலும் மோட்சம் உண்டு’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது, உவமையின் பாதியை மண்ணில் புதைப்பதற்குச் சமம். அந்தப் பொருளும் அதில் உண்டுதான். ஆனால் கூலிக்கு நிற்பவர்கள் கண்ணில் படாமல் அந்தப் பொருளுக்குத் தாவ முடியாது.

அதே சமயம், நாம் போராடிக் கட்டி எழுப்புகிற ஒன்றுதான் இறையாட்சி என்றும் சொல்லிவிட முடியாது. மாற்கு 4-ல் ஒரு சின்ன உவமை இருக்கிறது, வேறு எந்த நற்செய்தியிலும் இல்லை. ஒருவர் விதைக்கிறார், இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார், விதை முளைத்து வளர்கிறது, எப்படியென்று அவருக்குத் தெரியாது. நிலம் ‘தானாய்’ பலன் கொடுக்கிறது என்று உங்கள் அப்பா வீட்டு வேதாகமம் அழகாகச் சொல்கிறது. தானே புயலில் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். மறுபடி கன்று வைத்தார்கள். குழி எடுக்கலாம், எரு போடலாம், தண்ணீர் ஊற்றலாம், ஆடு கடிக்காமல் முள் கட்டலாம். ஆனால் கன்றைப் பிடித்து இழுத்து மரமாக்க முடியுமா? உங்கள் அப்பா சபையின் மூலவர் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இதையே சொல்கிறார்: நாம் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் கடவுளின் ராஜ்யம் தானாகவே வரும், அது நம்மிடத்திலும் வரவேண்டும் என்றுதான் இந்த ஜெபத்தில் கேட்கிறோம். கத்தோலிக்கனான எனக்கு அதில் மாற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

‘உள்ளத்துக்குள் இருக்கிறது’ என்பது லூக்கா 17:21-லிருந்து வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘உங்களுக்குள் இருக்கிறதே’ என்று இருக்கிறது, திருவிவிலியத்தில் ‘உங்கள் நடுவேயே செயல்படுகிறது’ என்று இருக்கிறது. கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். என் முடிவு ‘நடுவே’ என்பதுதான். இயேசு அதை யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள்: அது எப்போது வரும் என்று கேட்ட பரிசேயர்களிடம், தம்மை எதிர்த்துவந்த யூத சமயக் குழுவினரிடம். ‘உங்கள் உள்ளத்தில் இறையாட்சி இருக்கிறது’ என்று அவர்களைப் பார்த்தா சொல்லியிருப்பார்? மேலும், மனிதர் இறையாட்சிக்குள் நுழைவதைப் பற்றி இயேசு திரும்பத் திரும்பப் பேசுகிறார். இறையாட்சி மனிதருக்குள் நுழைவதாக வேறெங்கும் பேசவில்லை. அது அவர்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தது, அவர் உருவத்தில். மூன்றாம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஓரிஜன், கிறிஸ்துவே இறையாட்சி என்று சொன்னது இதைத்தான். மனமாற்றம் உள்ளே தொடங்குகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளேயே தங்கிவிட்டால், கூலி கேட்டு நின்ற அந்த அம்மாவுக்கு அதனால் என்ன?

திருச்சபைதான் இறையாட்சியா? இதில் எங்கள் பக்கம் நிறையத் தவறு நடந்திருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். ‘இயேசு இறையாட்சியை அறிவித்தார், வந்ததோ திருச்சபை’ என்று பிரெஞ்சு அறிஞர் லுவாசி 1902-ல் எழுதியதைக் கேலியாகவே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் அதைத் திருச்சபையை ஆதரித்துத்தான் எழுதினார். ஆனால் அந்த வாக்கியத்தில் உள்ள இடைவெளி உண்மையானது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் அளந்து பேசியது: திருச்சபை இந்த மண்ணில் இறையாட்சியின் விதையும் தொடக்கமும். விதை என்றால் மரம் இல்லை என்றுதானே பொருள்.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. புதுச்சேரியின் கத்தோலிக்கப் பேராலயமான சம்பா கோவிலுக்குள் ஒருகாலத்தில் சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். ஒடுக்கப்பட்டவர்கள் குருக்களிடம் முறையிட, 1745-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ‘எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள்’ என்று பூசை வைக்கிற இடத்துக்குள்ளேயே சுவர். அந்தச் சுவர் நின்ற நாட்களில் ‘உம்முடைய இராச்சியம் வருக’ என்று இரண்டு பக்கமும்தான் சொல்லியிருப்பார்கள். எந்தப் பக்கத்து வேண்டுதல் கேட்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றும் தனிக் கல்லறை, தனித் தெருத் தேர் என்று வருகிற இடங்களில் நாம் திருச்சபையாக இருக்கலாம், இறையாட்சியாக இருக்க முடியாது.

‘என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல’ என்று இயேசு ரோம ஆளுநர் பிலாத்துவிடம் சொன்னாரே என்று சிலர் கேட்பார்கள். மூலத்தில் ‘இவ்வுலகத்திலிருந்து வந்ததல்ல’ என்ற பொருள். எங்கே இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறார். அதே மூச்சில் காரணமும் சொல்கிறார்: இவ்வுலகத்தைச் சேர்ந்ததாக இருந்தால் என் ஆட்கள் சண்டை போட்டிருப்பார்கள். படை வைத்து நிற்காத ஆட்சி அது. அதனால்தான் பிலாத்துவுக்கு அது புரியவில்லை.

வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்பாட்டில் வருகிற, கிறிஸ்துவின் ஆயிரம் வருட அரசாட்சி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதை ஆண்டுக் கணக்காக எடுப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்கவில்லை. லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530 அவுக்ஸ்பூர்க் அறிக்கையும், உயிர்த்தெழுதலுக்கு முன்பே பக்தர்கள் உலக அரசைக் கைப்பற்றி ஆள்வார்கள் என்ற எண்ணத்தைத் தள்ளுகிறது. உங்கள் அப்பாவும் அம்மாவும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற இடங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக உங்கள் ஆயா. அடக்கத்தில் சொன்னது பொய்யா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொய் இல்லை. இறந்தவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்பது இரண்டு சபைகளின் நம்பிக்கையும்தான். சிலுவையில் பக்கத்தில் தொங்கியவர் ‘உமது ஆட்சியில் வரும்போது என்னை நினைத்துக்கொள்ளும்’ என்று கேட்டார். ‘இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய்’ என்று பதில் கிடைத்தது. ஆனால் அதோடு கதை முடிகிறது என்று வேதம் சொல்லவில்லை. வெளிப்பாட்டின் கடைசி அதிகாரங்களில் மனிதர்கள் மேலே பறந்து போவதில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. கடவுள் அவர்கள் நடுவே குடியிருந்து, கண்ணீரைத் துடைக்கிறார். உங்கள் ஆயா அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார், நாமும்தான் காத்திருக்கிறோம். அவர் இருக்கிற இடத்தில் அந்தக் காத்திருப்பில் வலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த வாசகத்தில் ஜெபிப்பது என்று கேட்டீர்கள். அப்பா பக்கத்தில் நிற்கும்போது ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது ‘உமது ஆட்சி வருக’ என்று சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்ல வேண்டிய ஜெபம் அது, ‘எங்கள் தந்தையே’ என்றுதான் தொடங்குகிறது. ஆயாவின் நினைவு நாளில் வீட்டில் எல்லாரும் கூடும்போது, எந்த வாசகம் என்று யாராவது தயங்கினால், அவர் எதைச் சொல்லிப் பழகியிருந்தாரோ அதையே சொல்லுங்கள்.